கம்பில்லாமல் ஓடிய காலை

எங்கள் தாமான் குடியிருப்பின் கடைசி வரிசை வீடுகளைத் தாண்டினால் செம்பனைத் தோட்டத்துச் செம்மண் சாலை. எங்கள் ஊரான புக்கிட் ரோத்தானில் என்னைப் போல் நடக்கவும் ஓடவும் கிளம்புகிறவர்களுக்கு அதுதான் திடல். ஆனால் கையில் கம்பு வேண்டும். வெட்டிய பழக்குலைகளைக் குவித்து வைக்கும் இடத்தில் ஒரு நாய்க் கூட்டம் குடித்தனம் நடத்துகிறது. அதனால் இங்கே யாரும் வெறுங்கையோடு போவதில்லை. ஜெபமாலை இல்லாமல்கூட வீட்டை விட்டு இறங்குவேன், கம்பில்லாமல் இறங்கமாட்டேன்.

நாற்பதைத் தாண்டிய பிறகுதான் ஓட ஆரம்பித்தேன். தொழிற்சாலை அலுவலகத்தில் நாள் முழுக்க நாற்காலி, வீட்டுக்கு வந்தால் அடுப்படி. காலையில் அந்த அரைமணி நேரம் மட்டும்தான் என்னை யாரும் எதுவும் கேட்பதில்லை. அதற்குத்தான் ஆபத்து வந்தது. இடது முட்டி வலிக்கத் தொடங்கியது. தைலம் தேய்த்தேன், முட்டிக்கு உறை மாட்டினேன், கோலசிலாங்கூர் டவுனுக்குப் போய் விலை கூடிய ஓட்டச் சப்பாத்து வாங்கினேன். ஒன்றும் பலிக்கவில்லை. இப்படியே போனால் ஓட்டத்தை விட்டுவிட வேண்டியதுதான் என்றார் கிளினிக் டாக்டர். என் கணவருக்கு அது போதாதா?

"நான் அப்பவே சொன்னேன்ல. இந்த வயசுல என்னா ஓட்டம்? பேசாம நட லா."

எனக்கு அழுகை வந்துவிட்டது. முட்டிக்காக இல்லை, அந்த அரைமணி நேரத்துக்காக.

அந்த வாரக் கடைசியில் செரண்டாவிலிருந்து கணவரின் தங்கை வந்தாள். ஓட்டப் போட்டிகளுக்குப் போய் வாங்கிய பதக்கங்களை வரவேற்பறை முழுக்கத் தொங்கவிட்டிருப்பவள். என் புலம்பலைக் கேட்டதும் சாலைக்கு இழுத்துக்கொண்டு போனாள். கொஞ்ச தூரம் ஓடச் சொல்லி, கைப்பேசியில் படம் பிடித்து, மரத்தடியில் நிறுத்திக் காட்டினாள்.

யாரோ ஒரு பெண் ஓடுகிறாள் என்றுதான் முதலில் நினைத்தேன். வலது கை கம்பை நெஞ்சோடு இறுக்கிப் பிடித்திருக்கிறது, ஆடவே இல்லை. தோள் காதைத் தொடுகிறது. உடம்பு ஒரு பக்கமாகத் திருகிக்கொள்ள, இடது கால் வெகு முன்னால் போய்க் குதிகாலால் தரையை அறைகிறது.

"அண்ணி, இது ஓடுறதா, நாய வெரட்டுறதா?"

சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது. பிறகு கோபமும் வந்தது. பாவம், இத்தனை மாதமாகச் சப்பாத்தைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

"எட்டி வைக்காதீங்க. சின்னச் சின்னதா வைங்க. கால் ஒடம்புக்கு நேர் கீழ விழணும், சத்தம் கேக்கக் கூடாது. ரெண்டு கையும் லூசா ஆடணும். அதுக்கு மொதல்ல அந்தக் கம்ப வீட்ல வைங்க."

"நாய் கடிச்சா ஊசி உனக்கா போடுவாங்க?"

"நான் பக்கத்துல வர்றேன் லா."

வந்தாள். அவள் பக்கத்தில் இருந்தவரை தைரியமாகத்தான் இருந்தது. அவள் ஊருக்குப் போன பிறகு, வலி அடங்கும்வரை கம்போடு நடந்தேன். நடப்பதற்குக் கம்பு இடைஞ்சல் இல்லை. பிறகு ஒரு காலை, கம்பைக் கதவு மூலையில் விட்டுவிட்டுத் தனியாக ஓடக் கிளம்பினேன்.

பழக்குலைகளை நெருங்கியதும் தோள் தானாகக் காதுக்கு ஏறியது. இறக்கினேன். எட்டிப் பாயப் பார்த்த காலை இழுத்துப் பிடித்துச் சிறு அடியாக வைத்தேன். ஒரு கறுப்பு நாய் எழுந்து நின்றது. என்னைப் பார்த்தது, என் கையைப் பார்த்தது, கடமைக்கு ஒருமுறை குரைத்துவிட்டு மறுபடியும் படுத்துக்கொண்டது. மற்றவை தலையைக்கூடத் தூக்கவில்லை. இவ்வளவு நாளும் அவை என் கம்பையும் நான் தரையை அறைந்த சத்தத்தையும் கண்டு பயந்துதான் குரைத்திருக்கின்றன போலும்.

அதற்குப் பிறகு ஓடியதுதான் ஓட்டம். கைகள் தம் பாட்டுக்கு ஆடின, மூச்சு சீராக வந்தது. யாரும் துரத்தாமல், யாரையும் துரத்தாமல் ஓடுவது இவ்வளவு சுகமா என்று இருந்தது.

வீட்டு கேட் வரை வந்தேன். வழக்கமாக அந்த கேட்டைக் கண்டதும் அப்பாடா என்று நின்றுவிடுவேன். அன்று நிற்க மனம் வரவில்லை. திரும்பினேன். மோட்டார் சைக்கிளைக் கழுவிக்கொண்டிருந்த கணவர் நிமிர்ந்து பார்த்தார்.

"எங்க மறுபடியும்? முட்டி எப்படி இருக்கு?"

"அத மறந்தே போயிட்டேங்க" என்று சொல்லிவிட்டு ஓடினேன்.