கும்பிட வேண்டாம் என்றவர்

மாமி எனக்குத் தொலைபேசி எடுப்பதில்லை. எதுவானாலும் மாமாவைக் கொண்டுதான் எடுப்பிப்பார். ஆகவே கடந்த வாரம் ஒரு முற்பகலில், சிலாபத்தில் நான் வேலை செய்யும் அலுவலகத்தில், மாமாவின் இலக்கத்திலிருந்து மாமியின் குரல் வந்ததுமே எனக்கு விளங்கிவிட்டது.

“பிள்ளை, மாமா போயிட்டார். தேத்தண்ணி குடிச்சவர், கதிரையில அப்படியே சாய்ஞ்சிட்டார். நீ அவசரப்படாமல் வா.”

மாமாவின் கடற்கரை ஊரான உடப்புக்குப் போகும் பஸ்ஸில் யன்னலோரம் உட்கார்ந்திருந்தேன். அழுகை வரவில்லை. என் கணவரின் தந்தையாகிய இந்த மனிதரைப் பற்றி யாராவது கேட்டால் எதை முதலில் சொல்வேன் என்று யோசித்துக்கொண்டே போனேன். அவரைத் தெரிந்தவர்கள் அவருடைய குரலைத்தான் சொல்வார்கள். நான் சொல்ல விரும்புவது, அந்தக் குரலை அவர் அடக்கி வைத்திருந்த ஒரு காலத்தை.

மாமா, ஊருக்கு வேலாயுதம் சம்மாட்டியார், கரைவலைச் சொந்தக்காரர். கடலில் வளைத்துப் போட்ட வலையின் இரண்டு கயிறுகளையும் கரையில் நின்று ஆட்கள் இழுக்கும்போது இரண்டு பக்கமும் ஒரே அளவில் வர வேண்டும். ஒரு பக்கம் பிந்தினால் மீன் அந்த வழியால் போய்விடும். வடக்குக் கயிற்றுக்கும் தெற்குக் கயிற்றுக்கும் நடுவில் நின்று, அலை இரைச்சலுக்கு மேலாகக் கத்துவதுதான் அவருடைய வேலை. கோவிலில் ஒலிபெருக்கி பழுதாகினால் அவரைக் கூப்பிடுவார்கள். நான் மருமகளாக வந்த புதிதில், அவர் குழம்புக்கு உப்புக் கேட்டதை ஏச்சு என்று நினைத்துக் குசினிக்குள் நின்று அழுதிருக்கிறேன். மாமி சிரித்தார். “அது ஏச்சில்லை பிள்ளை. அவர் ஏசினால் அடுத்த வீட்டுச் சனமும் அழும்.”

யுத்தம் முடிந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. கடற்கரையில் வலையும் கயிறும் வைக்கும் வாடியில் களவு போகத் தொடங்கியது. மாமா காவலுக்கு ஒரு நாய் வேண்டும் என்றார். “கரையில கிடக்கிறதுகள் சரிவராது. ஒரு சாளை மீன் எறிஞ்சால் கள்ளனுக்கும் வாலாட்டும்.” கைவிடப்பட்ட நாய்களைப் பராமரிக்கும் ஓர் இடம் சிலாபத்துப் பக்கம் இருந்தது. ஓய்வுபெற்ற ஒரு சிங்களத் தாதி அதை நடத்தினார். ஐப்பசியில் ஒரு சனிக்கிழமை மாமாவை அங்கே அழைத்துப் போனேன். என் கணவர் அப்போது கட்டாரில் இருந்தார்.

கூடுகளில் இருந்த எல்லா நாய்களும் குரைத்தன. ஒன்று மட்டும் சுவரைப் பார்த்தபடி மூலையில் படுத்திருந்தது. கறுப்புப் பெட்டை. அதன் பெயர் ‘சூட்டி’; சிங்களத்தில் சின்னது என்று பொருள். இரண்டு வீட்டார் அதைக் கொண்டுபோய், வீட்டுக்குள் சலம் கழிக்கிறது என்று திருப்பிக் கொண்டுவந்து விட்டார்களாம். இன்னொரு தரம் திரும்பி வந்தால் அதை இனி யாருக்கும் கொடுப்பதில்லை, சாகும்வரை இந்தக் கூட்டிலேயே இருக்கட்டும் என்று முடிவு செய்திருப்பதாகத் தாதி சொன்னார்.

மாமா சிங்களம் நன்றாகப் பேசுவார். “இதைத் தாங்க” என்றார். வெளியே வந்ததும் நான் ஏன் என்று கேட்டேன். “மற்றதுகளை ஆராவது எடுப்பாங்க” என்றார்.

வீட்டுப் படலையைத் திறந்ததும் அவர் வழக்கமான குரலில் மாமியைக் கூப்பிட்டார். சூட்டி விறாந்தையில் வயிறு நிலத்தில் ஒட்டப் படுத்து அங்கேயே சலம் விட்டது. மாமா ஏசினார். அவர் ஏச ஏச அது இன்னும் தட்டையாகி இன்னும் விட்டது. அடுத்த நாளும் அப்படித்தான், அதற்கடுத்த நாளும் அப்படித்தான். மண்ணில் கொண்டுபோய் விட்டால் ஒன்றும் நடக்காது. உள்ளே வந்து அவர் முன்னால் நின்றதும் நடக்கும்.

“என்ட முகத்தைப் பார்த்துக்கொண்டே பெய்யுது. திமிரைப் பார்த்தியா?” என்றார் என்னிடம்.

மாமி சாமி அறை வாசலைக் கழுவிக் கழுவிக் களைத்துப்போனார். கார்த்திகை விளக்கீட்டுக்கு அடுத்த நாள் அவருக்குப் பிள்ளையார் விரதம் தொடங்கும். “விளக்கீட்டுக்குப் பிறகு இந்த நிலத்தில ஒரு சொட்டு விழக்கூடாது. விழுந்தால் அதைக் கொண்டுபோய் எடுத்த இடத்தில விடுங்க. நான் விரதக்காரி, மூத்திரத்தில மிதிச்சுக்கொண்டு சாமி கும்பிட ஏலாது.” அதில் பிழை சொல்ல முடியாது. மாமாவும் சொல்லவில்லை.

நான் தாதிக்குத் தொலைபேசி எடுத்தேன். அவர் பொறுமையாக விளக்கினார். குட்டி நாய் பெரிய நாயின் முன் சுருண்டு சலம் விடும். நீ பெரியவன், நான் சின்னவன், என்னை ஒன்றும் செய்யாதே என்பதுதான் அதற்கு அர்த்தம். இந்த நாய் வளர்ந்த பிறகும் எல்லோரிடமும் அதையே சொல்கிறது. ஏசினால் இன்னும் கூடச் சொல்லும். குனிந்து பார்க்காதீர்கள், கண்ணை நோக்காதீர்கள், சத்தம் வேண்டாம்.

இதை மாமாவிடம் தமிழில் சொன்னேன். அவர் கதிரையில் இருந்து நெடுநேரம் சூட்டியையே பார்த்தார். பிறகு, பார்க்கக்கூடாது என்று நான் சொன்னது நினைவு வந்ததோ என்னவோ, முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

“அப்ப, அது என்னைக் கும்பிடுதா?”

“ஓம் மாமா. அப்படித்தான்.”

“இத்தனை நாளும் கும்பிடக் கும்பிட நான் ஏசியிருக்கிறேன்.”

அவருக்குக் கும்பிடு புதிதல்ல. கரையில் அவரைக் கண்டால் ஆட்கள் தோளில் கிடக்கும் துண்டை எடுத்துவிடுவார்கள். கும்பிடுகிற ஒரு சீவனிடம் கும்பிடாதே என்று எப்படிச் சொல்வது என்பதுதான் அவருக்குத் தெரியாதிருந்தது.

அடுத்த காலை நான் வேலைக்குப் புறப்பட விறாந்தைக்கு வந்தபோது அவர் சீமெந்து நிலத்தில் குப்புறப் படுத்திருந்தார். முகம் சுவர்ப்பக்கம். நீட்டிய கையில், உள்ளங்கை மேலே இருக்க, அவித்த மீன் துண்டொன்று. சூட்டி தூணுக்குப் பின்னால் நின்றது. அந்த நேரம் பார்த்து வாடியிலிருந்து மாரிமுத்து வந்தார். தெற்குக் கயிற்றை நடத்துபவர். மாமாவைக் கேலி செய்யக்கூடிய ஒரே ஆள்.

“என்ன சம்மாட்டியார், வீட்டிலேயே நேர்த்திக்கடனா?”

மாமா அசையவில்லை. காற்றுப் போன்ற ஒரு குரல் வந்தது. அவருக்கு அப்படி ஒரு குரல் இருப்பதை நான் அன்றுதான் அறிந்தேன். “வாயை மூடு. கும்பிட வேண்டாம் எண்டு சொல்லிக்கொண்டிருக்கிறேன்.”

“ஆரை?”

“உன்னையில்லை. நீ கும்பிடலாம்.”

சூட்டி கழுத்தை நீட்டி மீனை எடுத்தது. நிலம் நனையவில்லை. நான் செருப்பைக் கையில் பிடித்தபடி வாசலில் நின்றேன். என் திருமணத்தன்றுகூட முழங்கால் மடிக்காத மனிதர் அவர்.

அதன்பின் அந்த வீட்டில் அவர் அந்தக் காற்றுக் குரலில்தான் பேசினார். சூட்டி சாப்பிட்டதும், தூங்கி எழுந்ததும் பின்வளவு மணலுக்குக் கூட்டிப்போவார். அதற்கு முதுகு காட்டி, தென்னையைப் பார்த்தபடி காத்து நிற்பார். காரியம் முடிந்தால், “கெட்டிக்காரி.” உள்ளே தவறினால் ஒன்றும் நடவாததுபோல் வாளியும் துணியும் எடுத்துத் தாமே துடைப்பார். மாமியை விடமாட்டார். “நீ துடைச்சால் முணுமுணுப்பாய். அது கேட்டிடும்.” மாமி என்னிடம், “கலியாணம் கட்டின நாளில இருந்து என்னோட இப்படி மெல்லமாக் கதைச்சதில்லை. நாய்க்குக் கிடைச்சிருக்கு” என்றார். அவர் பாதிதான் பகிடியாகச் சொன்னார்.

கார்த்திகை பிறந்தது. தவறுகள் குறைந்து, இல்லை என்றே ஆகின. அப்போதுதான் ஒரு காலை, வீட்டில் யாரும் சத்தமிடாமலே, சூட்டி சாமி அறை வாசலில் போய்ச் சுருண்டு சலம் விட்டது. எங்களுக்குக் காரணம் விளங்கவில்லை. பிறகு, அன்று வீட்டுப்பக்கம் திரும்பியிருந்த காற்றோடு கேட்டது: கரையில் மாமா வலையை நடத்திக்கொண்டிருந்தார். வீடு கடலுக்குக் கிட்ட. அந்தக் குரல் வந்தபோதெல்லாம் அது மறுபடி மறுபடி சுருண்டது.

மாமி வாளியை எடுத்தார். “இன்னும் விளக்கீடு வரேல்ல. சொன்ன சொல்லை நான் மாத்தல்ல. ஆனால் வரப்போகுது.”

மாமா திரும்பி வந்ததும் சொன்னேன். அன்று அவர் சரியாகச் சாப்பிடவில்லை. மாலையில் மாரிமுத்துவை வரச்சொல்லி, மறுநாளிலிருந்து நடுவில் நின்று சத்தம் போடும் வேலையை அவர் செய்ய வேண்டும் என்றார். மாரிமுத்து முதலில் சிரித்தார். பிறகு மாமாவின் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்தினார்.

“சம்மாட்டியார், சனம் என்ன கதைக்கும்?”

“கதைக்கட்டும். அது பழகுமட்டும்தான்.”

ஒரு விடுமுறை நாளில் தேநீர் எடுத்துக்கொண்டு நான் கரைக்குப் போனேன். மாமா எல்லோரிலிருந்தும் விலகி, மேட்டு மணலில் சூட்டியோடு உட்கார்ந்திருந்தார். கீழே மாரிமுத்து கத்தினார். ஒவ்வொரு சத்தத்துக்கும் மாமா அதன் வாயருகே ஒரு மீன் துணுக்கை வைத்தார். வலை கிட்ட வந்தது. வடக்குப் பக்கம் பிந்துகிறது என்று எனக்குக்கூடத் தெரிந்தது. மாரிமுத்து தெற்குக் கயிற்றுக்காரர். பழக்கத்தில் தெற்கையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மாமாவின் கழுத்து நரம்புகள் எழும்பின. வாய் திறந்தது. சூட்டியின் தாடை அவருடைய பாதத்தின்மேல் இருந்தது. அவர் வாயை மூடிக்கொண்டார். வடக்குப் பக்கத்தால் சாளைக் கூட்டம் வெள்ளியாய்ப் புரண்டு வெளியே போவதை அங்கேயே இருந்து, மூச்சு மட்டும் விட்டபடி, முழுதாகப் பார்த்தார். அவரிடமிருந்து எதையாவது பறித்துக்கொள்ள யாராலும் முடியும் என்று நான் நினைத்ததில்லை. அவராகவே கொடுத்ததை அன்று கண்டேன்.

மாரிமுத்து மணலை உதைத்தபடி வந்தார். “ஒரு சத்தம் போட்டிருந்தால் மீன் நிண்டிருக்கும்.”

“ஓம். இது ஓடியிருக்கும்.”

நாளுக்கு நாள் அவர் சூட்டியோடு கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இறங்கினார். பிறகு தாமே சிறிதாகக் குரல் கொடுத்தார், பிறகு சற்றுப் பெரிதாக. விளக்கீட்டுக்கு முந்திய நாட்களில் ஒரு காலை, மாமா கயிறுகளுக்கு நடுவில் நின்று பழைய குரலில் கத்தினார். சூட்டியின் கால்கள் நடுங்கின. ஆனால் அது படுக்கவில்லை. காதை மடக்கியபடி, நாலு காலில் நின்றது. வலை இழுத்தவர்களில் ஒருவர் கைதட்ட, மாமா அவருக்கு நல்ல ஏச்சுக் கொடுத்தார். அப்போதும் அது நின்றது.

விளக்கீட்டன்று மாமி வாசலில் சிட்டி விளக்குகளை வரிசையாக வைத்து ஏற்றிக்கொண்டு வந்தார். விறாந்தை ஓரத்தில் படுத்திருந்த சூட்டிக்குக் கிட்ட வந்ததும் நின்றார். கழுவிய நிலத்தை ஒரு முறை பார்த்தார்.

“இது இருக்கட்டும்” என்றார். “வாலில நெருப்புப் படாமல் பார்த்துக்கொள்ளுங்க.”

மாமா அதன்பிறகு சாதுவாகிவிட்டார் என்று எழுதினால் கரையில் உள்ளவர்கள் சிரிப்பார்கள். ஆட்களிடம் அவர் கடைசிவரை சத்தம் போட்டார். வாடிக்கு ஒரு பூட்டு வாங்கினார்; சூட்டி ஒரு நாளும் காவலுக்குப் போகவில்லை. தம்மைக் கும்பிடுகிறவர்கள் நிறைந்த ஓர் ஊரில், ஒரு நாய் தம் முன் நிமிர்ந்து நிற்க வேண்டும் என்பதற்காக ஒருவர் நிலத்தில் விழுந்து கிடந்தார். நான் கண்டதைச் சொல்கிறேன். அதை நினைக்கும்போது இப்போதும் என் குரல் தானாகத் தணிந்துவிடுகிறது.

பஸ்ஸை விட்டிறங்கி வீட்டுக்குப் போனபோது வளவு நிறைய ஆட்கள். மாமாவை விறாந்தையில் கிடத்தியிருந்தார்கள். வெளியூர்ச் சொந்தங்கள் வந்து இறங்க இறங்கப் பெண்கள் கட்டிப்பிடித்து அழத் தொடங்கினார்கள். மாமாவின் சத்தத்துக்குத்தான் சூட்டி பழகியிருந்தது, ஊர் அழுகைக்கு அல்ல. நரைத்த மூஞ்சியோடு அது அவருடைய தலைமாட்டில், மாமியின் காலடியில் இருந்தது. உடம்பு மெல்லத் தாழ்ந்துகொண்டு போனது.

மாமி அழவில்லை என்று யாரோ ஒரு பெண் முணுமுணுத்தாள். நான் மாமியின் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். சேலைத் தலைப்பைச் சுருட்டி வாய்க்குள் திணித்திருந்தார். தோள்கள் குலுங்கிக்கொண்டிருந்தன. வாய்விட்டு அழுங்க மாமி என்றேன். அவர் துணியை எடுத்தார்.

“அது பயந்திடும், பிள்ளை” என்றார்.

அந்தச் சொல் ஒருவர் வாயிலிருந்து மற்றவருக்குப் போனது. அழுகை ஒவ்வொன்றாய் இறங்கியது. பாடையைத் தூக்க வந்த மாரிமுத்து, கரையில் கத்தித் தேய்ந்த தொண்டையுடையவர், குனிந்து, “தூக்குவோம்” என்று உதட்டால் மட்டும் சொன்னார். சத்தமில்லாமல் மாமா படலையைத் தாண்டினார். மாமி சூட்டியை நேரே பார்க்காமல், பக்கவாட்டில் திரும்பி, உள்ளங்கையை நிலத்தில் வைத்தார். அது எழுந்து நின்று அந்தக் கையை முகர்ந்தது.

போய் வாருங்கள், மாமா. நிலம் காய்ந்துதான் இருக்கிறது.