கேட்டு வாங்கிய மழை

மலேசியாவில், கோலா கெத்தில் என்ற ஊருக்குப் பக்கத்து ரப்பர்த் தோட்டமொன்றில் ராக்காயி இருபத்திரண்டு வருஷம் பால்மரம் சீவினாள். புருஷன் போனபின் அவளுக்கென்று மிஞ்சியது லயத்தில் ஓர் அறையும், ஏழாம் நம்பர் காட்டில் அவள் சீவும் கிழட்டு மரங்களும்தான்.

"இந்த வருஷம் தளிர் நல்லாப் பிடிச்சா காடு நிக்கும். இல்லாட்டி வெட்டிட்டு எண்ணெய்க்குச் செம்பனை போடறதா தொரை சொல்லிட்டாரு," என்று ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்தொன்பது தையிலேயே, வேலையை மேற்பார்க்கும் மண்டோர் பழனியாண்டி எச்சரித்தார். காடு போனால் வேலை போகும். வேலை போனால் லயத்து அறையும் போகும்.

மாசியில் மரங்கள் இலை கொட்டி மொட்டையாக நின்று, பிறகு செம்புநிறத்தில் துளிர்த்தன. ராக்காயி தினமும் அண்ணாந்து பார்த்துக் கழுத்துவலியை வாங்கிக்கொண்டாள். தொரையையே அண்ணாந்து பார்க்காத மகராசி!

அந்த வருஷம் பேய்வெயில். கிணறு சேறு காட்டியது. வழக்கமாகப் பங்குனிக் கடைசியில், தளிர் முற்றிய பிறகுதான், பெண்கள் ஆற்றிலிருந்து குடம் சுமந்து மாரியம்மனுக்கு ஊற்றி மழை கேட்பார்கள். தவித்த வாய்க்கு அவ்வளவு பொறுமை ஏது? வழக்கத்தை மூன்று வாரம் முன்னால் இழுத்தவளும், முதல் குடம் தூக்கியவளும் ராக்காயிதான்.

மூன்றாம் நாளே வந்தது.

"மழை வந்துடுச்சிலா, அக்கா!" என்று பக்கத்து வீட்டுப் புஷ்பவள்ளி நனைந்துகொண்டே ஆடினாள். ராக்காயியும் ஆடினாள். ஆனால் வானம் வெளுக்கவில்லை. பத்து நாள் நசநசவென்று தூறல், காலையில் மூட்டம். இளந்தளிரில் மாவு தூவினாற்போல் வெள்ளைப் பூஞ்சை படர்ந்தது. தளிரெல்லாம் சுருண்டு உதிர்ந்தன.

ராக்காயி அவற்றை மடியில் அள்ளிப் போட்டுக்கொண்டு அழுதாள். பிள்ளையைப் பறிகொடுத்தவள் அழுகைதான் அது.

"மழை காலந்தப்பி வந்துச்சு. நீ என்ன புள்ள செய்வே?" என்றார் பழனியாண்டி.

"அதுவா வரல அண்ணே. நான்தான் கூப்பிட்டேன்."

ஆனியில் ஏழாம் காட்டை வெட்டினார்கள். ராக்காயி சுங்கை பட்டாணி டவுனில் ஒரு சாப்பாட்டுக் கடையில் பாத்திரம் கழுவப் போனாள். அதன்பின் மழை ஒழுங்காக மாதம் பார்த்து வந்ததே இல்லை. மாசியில் கொட்டியது, சித்திரையில் ஏமாற்றியது. காலமே கெட்டுவிட்டது என்றார்கள் எல்லோரும். தன்னால்தான் கெட்டது என்று நம்பியவள் அவள் ஒருத்திதான். பாவம், அந்த நம்பிக்கையை யாராலும் பிடுங்க முடியவில்லை.

எண்பத்தாறில் புஷ்பவள்ளி கடைக்குத் தேடி வந்தாள்.

"கிணறு வத்திப்போச்சுக்கா. குடம் தூக்க வாங்கலா. நீங்க கேட்டா ஆத்தா உடனே குடுப்பா."

ராக்காயி ஈரக்கையை முந்தானையில் துடைத்தாள்.

"அதுதான் வள்ளி எனக்குப் பயம்," என்றாள்.