எட்டு முதல் பத்து வரை

காலை எட்டு மணி ஐந்து நிமிடம். முதலில் கண்ணில் பட்டது பெரியப்பாவின் மோட்டார் கொட்டகை. பலகையில் சிவப்பு, மஞ்சள், நீலம் மூன்று விளக்குகளும் எரிந்தன. கரண்ட் முழுதாக இருந்தது. மோட்டார் ஓடவில்லை.

அதே நேரத்தில் எங்கள் ஊரை அடுத்த சித்தூரில் ஓர் ஆஸ்பத்திரியில் அம்மாவின் கழுத்துக் கழலையை அறுத்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு அப்போது ஒன்பது வயது. கத்தி கரண்டில் வேலை செய்யும், அறுத்த இடத்திலேயே ரத்தக்குழாயைச் சுட்டு அடைத்துவிடும் என்று டாக்டர் விளக்கியிருந்தார். அப்பாவின் காதில் நின்றது கரண்ட் மட்டும். எங்கள் ஊர் நல்லேப்பிள்ளியில் நாலு மோட்டார் சேர்ந்து ஓடினால் வீட்டு பல்பு மங்கிவிடும். ஆஸ்பத்திரிக்கும் அதே லைன்தான் என்று அவரே முடிவு செய்தார். அம்மாவின் கழுத்தில் இருக்கும்போது கத்தி மங்கினால்?

முதல் நாள் மாலை மூன்று வீடுகளில் போய்க் கேட்டார். மூவரும் சரி என்றார்கள். நான்காவது வீடு பெரியப்பாவுடையது. பொதுக்கிணற்றில் யார் எப்போது தண்ணீர் இறைப்பது என்ற முறைத் தகராறில் அண்ணனும் தம்பியும் பேசி இரண்டு வருடம் ஆகியிருந்தது. ஆகவே என்னை நடுவில் நிறுத்திப் பேசினார்கள். இருவருக்கும் இடையே ஆறடி இருந்திருக்கும்.

"நாளைக்கு எட்டுல இருந்து பத்து வரைக்கும் மோட்டார் போட வேண்டாம்னு சொல்லு கண்ணு."

சொன்னேன்.

"உங்கப்பன் எப்பக் கரண்டாபீஸ்ல சேந்தான்னு கேளு. இங்க நாத்து காயுது."

அதையும் சொன்னேன். அப்பா திரும்பி நடந்தார்.

மறுநாள் அப்பா ஆஸ்பத்திரிக்குப் போனார். கொட்டகையைக் கவனிப்பது என் வேலை. பெரியப்பா படியில் உட்கார்ந்து விளக்குகளையே பார்த்துக்கொண்டிருந்தார். வரப்பிலிருந்து பெரியம்மா கத்தினார்.

"ஏனுங்க, பத்தோட நம்ம முறை முடியுதுங்க!"

"முடிஞ்சா முடியுது. சும்மா இரு புள்ள."

பத்தேகாலுக்கு, வீட்டில் எனக்குத் துணையிருந்த அத்தையின் போனுக்கு அப்பா கூப்பிட்டார். அம்மா கண் விழித்துவிட்டாள். நடுவில் கரண்ட் போனதாம். அப்பா பதறி எழுந்ததைப் பார்த்து நர்ஸ் மலையாளத்தில் சொல்லிச் சிரித்தாராம்: "ஜெனரேட்டர் உண்டு சேட்டா, பயப்படண்டா."

ஓடிப்போய் எல்லாவற்றையும் பெரியப்பாவிடம் சொன்னேன். பாவம், வீணாக நாற்றைக் காயவிட்டாரே என்று எனக்கு வருத்தம்.

"ஜெனரேட்டர் இருக்கறது எனக்குத் தெரியாதா? போன வருசம் எட்டு நாள் அங்கதான கெடந்தேன்," என்றார்.

பிறகு ஏன் மோட்டாரைப் போடவில்லை என்று கேட்டேன்.

அவர் கொட்டகையைப் பூட்டினார். பத்து மணிக்கு மேல் கிணற்று முறை எங்களுடையது.