இரண்டு படி கீழே

நடந்ததைத்தான் எழுதுகிறேன். நம்பும்படி யாரையும் கெஞ்சப் போவதில்லை. என் கணவர் யோகேந்திரனே முதலில் நம்பவில்லை. பிறகு அவரும் என்னோடு அந்த அறைக்கு வந்தார். அதன்பின் அவர் இதைப் பற்றிப் பேசுவதே இல்லை.

நாங்கள் இருப்பது கனடாவில், மொன்ட்ரியால்-நோரில், ஒரு மாடி வீட்டின் மேல்தளத்தில். வாசல் நேரே வெளிப்படிக்கட்டில் திறக்கும். போன வருடம் சிசிலித் தீவில் ஒரு வீடு வாங்கினோம். சிரிக்காதீர்கள். இத்தாலியின் மலைக்கிராமங்கள் ஆளில்லாமல் காலியாகின்றன. பூட்டிக் கிடக்கும் வீடுகளை உள்ளூர்ச் சபையே வெளிநாட்டாருக்கு மலிவாக விற்கிறது. விடுமுறைக்குப் போய் இருக்க ஒரு இடம் என்று ஆசைப்பட்டோம். பலெர்மோவில் நெடுங்காலமாக இருக்கும் எங்கள் ஊர்க்காரர் செபமாலை அண்ணைதான் தேடித் தந்தார். கிராமத்தின் பெயர் ரொக்காவெந்தா.

கோடையில் போய்த் தங்கினோம். கல் வீடு. வாசல் மிகவும் தாழ்வானது. யோகேந்திரன் ஒவ்வொரு நாளும் தலையை இடித்துக்கொண்டார். முன்னறையின் நடுவே பருத்த தூண் ஒன்று. அதைச் சுற்றித்தான் போக வேண்டும். சமையலறைக்கு இரண்டு படி கீழே இறங்க வேண்டும்.

ஊர் இரண்டாகப் பிரிந்து கிடந்தது. வெளிநாட்டார் வந்தால்தான் கடைகள் திறக்கும், பள்ளிக்கூடம் பிழைக்கும் என்றது மேயர் தரப்பு. அவை அநாதை வீடுகள் இல்லை, உரியவர்கள் கடல் தாண்டி உயிரோடு இருக்கிறார்கள், செத்துவிட்டதாக எழுதி விற்றது மேயர்தான் என்றது எதிர்த்தரப்பு. வீதியில் எங்களைக் கண்டு சிலர் சிரித்தார்கள். சிலர் ஜன்னலைச் சாத்தினார்கள்.

எங்களுக்கு அங்கே வாக்கு இல்லை. ஆனாலும் தேர்தல் நெருங்கியபோது, வீடு வாங்கிய எல்லோரிடமும் மேயர் ஒரு சின்ன வீடியோ கேட்டார். 'இது எங்கள் வீடு' என்று இத்தாலியனில் சொன்னால் போதுமாம். ஊர் மக்களுக்குப் போட்டுக் காட்டுவாராம்.

அது பெப்ரவரி. ஞாயிற்றுக்கிழமை பின்னேரம். வெளியே பனிப்புயல். முருகன் கோயிலுக்கு என்று நகரின் மறுகோடியில் உள்ள டொலார்-டெ-ஓர்மோ போன யோகேந்திரன் காரை எடுக்க முடியாமல் அங்கேயே நின்றுவிட்டார். நான் தனியே இருந்தேன். போனை மேசையில் சாய்த்து வைத்துவிட்டு, அந்த வாக்கியத்தைச் சொல்லிப் பார்த்தேன்.

"குவெஸ்தா எ காசா நோஸ்த்ரா."

டக்... டக்...

கதவில் யாரோ தட்டினார்கள். எங்கள் வாசலில் அழைப்புமணி இருக்கிறது. யாரும் கதவைத் தட்டுவதில்லை.

திறந்தேன். ஒரு வயதான வெள்ளைக்காரப் பெண். கறுப்புக் கம்பளிச் சட்டை. காலில் வீட்டுக்குள் போடும் துணிச்செருப்பு. அவருக்குப் பின்னால் பனி சுழன்று கொட்டியது. அவர் தோளில், தலைமயிரில்... ஒரு துகள்கூட இல்லை.

இத்தாலியனில் ஏதோ சொன்னார். 'காசா' என்ற சொல் மட்டும் புரிந்தது. வீடு. எங்கள் பக்கம் இத்தாலிய முதியவர்கள் நிறையப் பேர். மறதி நோயாளி, வழிதவறி வந்துவிட்டார் என்று நினைத்தேன். உள்ளே வரச் சொன்னேன்.

உள்ளே வரும்போது தலையைக் குனிந்தார்.

எங்கள் வாசல் உயரமானது. அவரோ என் தோளளவுதான் இருந்தார்.

குளிரில் கூனிப்போயிருக்கிறார் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். சமையலறைக்குப் போய்த் தேத்தண்ணீர் போட்டேன். கோப்பையை மேசையில் வைத்துவிட்டுத் திரும்பினேன்.

அவர் முன்னறையைக் கடந்து வந்துகொண்டிருந்தார். நேராக வரவில்லை. நடுவில் எதையோ சுற்றிக்கொண்டு வந்தார். ஒரு கையால் அதைத் தடவிக்கொண்டே வந்தார்.

அங்கே ஒன்றுமே இல்லை.

சர்ர்... சர்ர்...

செருப்பு உரசும் ஒலி. எங்கள் தரை பலகை. எனக்குக் கேட்டது கல்லில் உரசும் ஒலி.

அந்தத் தூணை எனக்குத் தெரியும். எங்கே இருக்கிறது என்றும் தெரியும்.

சமையலறை வாசலுக்கு வந்தார். சுவரைப் பிடித்துக்கொண்டார்.

ஒரு படி இறங்கினார்.

அடுத்த படியும் இறங்கினார்.

என் சமையலறை சமதரை. அங்கே படியே இல்லை...

அவருடைய கால்கள் தெரியவில்லை. முழங்காலுக்குக் கீழே தரைதான் இருந்தது. அப்படியே நடந்து வந்தார். மேசையருகே நின்றார். கோப்பையின் மேல் குனிந்தார். பிறகு மெல்ல நிமிர்ந்து, கீழே இருந்து என்னைப் பார்த்தார்.

அவர் முகத்தில் கோபம் இல்லை. பயம்.

"கி சேய்?" என்றார்.

நீ யார்?

விளக்கு அணைந்தது.

திரும்ப எரிந்தபோது யாரும் இல்லை. அவர் வந்ததும் நான் போட்ட உள்சங்கிலி கதவில் அப்படியே இருந்தது. கோப்பையில் ஒரு மிடறும் குறையவில்லை. தொட்டேன். மேலே மெல்லிய பனித்தகடு.

வீடியோவை நான் அனுப்பவேயில்லை. யோகேந்திரன் வந்ததும் சொன்னேன். வேலைக்களைப்பு என்றார்.

ஏப்ரலில் செபமாலை அண்ணை போன் எடுத்தார். எதிர்த்தரப்பு ஊர் முழுக்கச் சுவரொட்டி ஒட்டியிருக்கிறதாம். செத்ததாக எழுதப்பட்டு, இன்னும் உயிரோடு இருப்பவர்களின் படங்களாம்.

"அஜந்தா, உங்கட வீட்டுச் சொந்தக்காரி சாகேல்லை. கார்மெலா எண்டு பெயர். உங்களுக்குக் கிட்டத்தான், சென்-லெயோனாரில முதியோர் இல்லத்தில இருக்கிறா."

படத்தையும் அனுப்பினார். என் சமையலறைக்கு வந்த அதே பெண்.

அன்றிரவு யோகேந்திரனிடம் படத்தைக் காட்டினேன். வீட்டைத் திருப்பிக் கொடுத்துவிடுவோம் என்று அவர்தான் சொன்னார்.

அடுத்த சனிக்கிழமை காலை இருவரும் அந்த இல்லத்துக்குப் போனோம். நல்ல வெயில். அங்கே வேலை செய்யும் தனுஷா என்ற தமிழ்ப் பிள்ளை எங்களை அழைத்துப் போனாள். முதியவர்களோடு பழகி இத்தாலியன் பேசக் கற்றிருந்தாள். கார்மெலா எழுந்து நடப்பாரா என்று கேட்டேன்.

"இல்லை, அக்கா. நாலு வருஷமாப் படுக்கைதான்."

அவர் விழித்திருந்தார். அதே முகம். அதே கறுப்புக் கம்பளிச் சட்டை.

என் முகத்தை அவர் ஒரு கணம்தான் பார்த்தார். பிறகு தலையணையில் இருந்து தலையைத் தூக்கி என் பாதங்களைப் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார். வீடு இனி உங்களுடையதுதான் என்று தனுஷாவை விட்டுச் சொல்லவைத்தேன். அவர் தலையாட்டினார். பிறகு என்னைக் காட்டி அவளிடம் மெதுவாக ஏதோ கேட்டார். தனுஷா போர்வையை இழுத்துச் சரிசெய்துவிட்டு எங்களை வெளியே கூட்டி வந்தாள்.

நடைபாதையில் அவள் முகம் வெளிறியிருந்தது.

"மாசியில ஒரு பெரிய புயல் அடிச்சதல்லோ, அக்கா. அண்டைக்கு மனுசி நித்திரையால எழும்பி ஒரே அழுகை. தன்ர வீட்டுக்குப் போனவவாம். குசினியில பேய் நிண்டதாம்."

"என்ன பேய்?"

"ஒரு கறுத்த பொம்பிளை. தனக்குத் தேத்தண்ணி வச்சவளாம். ஆனா கால் நிலத்தில முட்டேல்லையாம். அந்தரத்தில நிண்டவளாம்."

யோகேந்திரன் என் கையை இறுக்கிப் பிடித்தார்.

"இப்ப உள்ளுக்க உன்னட்ட என்ன கேட்டவ?" என்றேன்.

தனுஷா அறைக் கதவைத் திரும்பிப் பார்த்தாள்.

"'இந்தப் பிள்ளை செத்து எவ்வளவு காலம்' எண்டு கேட்டவ, அக்கா."