டாக்டர் பெயர் எழுதும் கட்டம்

மருந்தாளுநர் ஒருவர் டாக்டர் சீட்டு இல்லாமல், தம் பொறுப்பில், புகையை விட உதவும் நிகோடின் மாற்று மருந்து கொடுத்தால், வாங்குபவரின் வழக்கமான டாக்டருக்குத் தகவல் அனுப்ப வேண்டும். அப்படி ஒரு டாக்டர் இல்லையென்றால், என்ன கொடுத்தோம் என்று ஒரு தாளில் எழுதி வாங்குபவர் கையிலேயே கொடுத்துவிட வேண்டும். கலிபோர்னியாவின் விதி இது. இதன் இரண்டாம் பாதியை நான் மதித்திருந்தால் எங்கள் குடும்பத்தில் ஒரு ரமலான் அமைதியாகக் கழிந்திருக்கும்.

விதி தெரியாதவன் என்று யாரும் என்னைச் சொல்ல முடியாது. மில்பிடாஸில் மருத்துவக் கருவிகள் செய்யும் ஒரு கம்பெனியில் நடைமுறைக் கையேடுகள் எழுதியே ஓய்வு பெற்றவன். படிவத்தில் ஒரு கட்டத்தை ஒப்புக்கு நிரப்பிய இன்ஜினியர்களை வரவழைத்து, மூன்று பிரதிகளில் விளக்கம் எழுத வைத்திருக்கிறேன்.

என் மனைவியின் தம்பி சிட்னியிலிருந்து வந்து எங்கள் வீட்டில் தங்கியிருந்தார். சான் ஹோசேயில் இருக்கும் அவருடைய ஒரே மகளுக்குப் பிரசவம். பையன் நாள் முந்திப் பிறந்து, மூச்சுத் திணறலோடு ஆஸ்பத்திரியில் கிடந்து, அப்போதுதான் வீட்டுக்கு வந்திருந்தான். புகை பிடிப்பவர் எவரும் அவனைத் தூக்கக் கூடாது என்று டாக்டர்கள் சொல்லியிருந்தார்கள். மகள் அதைச் சொன்னபோது என் மைத்துனர் தலையாட்டினார். அவளுடைய கல்யாணத்தன்று சிகரெட்டை விடுவதாக வாக்குக் கொடுத்தவர், விட்டும்விட்டார். அன்றிலிருந்து வேப் என்கிற மின்சிகரெட் பிடிக்கிறார் என்பது மட்டும் அவளுக்குத் தெரியாது.

அவர் அதைத் திருட்டுத்தனமாக நினைக்கவில்லை. ஆஸ்திரேலியாவில் சட்டம் இரண்டு மூன்று முறை மாறியது. முதலில் டாக்டர் சீட்டு வேண்டும் என்றார்கள். பிறகு, மருந்துக்கடை தவிர வேறெங்கும் விற்கக் கூடாது என்றார்கள். அதற்கும் பிறகு, மருந்தாளுநரே நாலு கேள்வி கேட்டு, சீட்டு இல்லாமலே ஒரு மாத அளவு தரலாம் என்றார்கள்.

"பார்மசிஸ்ட் கையால குடுக்குறது மருந்துதானே மச்சான்?"

"அப்ப மருந்துன்னு உங்க மககிட்ட சொல்ல வேண்டியதுதானே, மாப்ளே?"

மகளிடம் அவர் சொல்லவில்லை. ஆனால் பேரனை அவர் ஒருமுறைகூடத் தூக்கவில்லை. தோள் வலிக்கிறது என்று சொல்லித் தொட்டிலுக்கு அந்தப் பக்கமே நின்றுகொள்வார். மகளுக்கு அது வேறு வருத்தம்.

நோன்புக்கு இரண்டு நாள் இருக்கும்போது, கொண்டுவந்த வேப் தீர்ந்தது. மருந்துக்கடைக்குக் கூட்டிப் போகச் சொன்னார். சிட்னி பழக்கத்தில் நேரே மருந்தாளுநரிடமே வேப் கேட்டார். அந்தப் பெண்ணுக்கு என் மகள் வயதுகூட இருக்காது. பெட்ரோல் போடும் கேஸ் ஸ்டேஷன் கடையில் கேட்க வேண்டியதை என்னிடம் கேட்கிறீர்களே என்பதுபோல் பார்த்தாள். பிறகு, "விட வேண்டும் என்று நினைக்கிறீர்களா? அதற்கு என்னால் உதவ முடியும்" என்றாள்.

அவர் என்னைப் பார்த்தார். "விட்டுத் தொலைக்கிறேன் மச்சான். நோன்பும் வருது. பிள்ளையத் தூக்கணும்."

அலமாரியில் தோலில் ஒட்டும் நிகோடின் பட்டைகள் இருந்தன, யாரும் எடுத்துப் போகலாம். இவர் எடுக்க மாட்டேன் என்றார். கேட்டு வாங்கினால்தான் அவருக்கு மருந்து. அந்தப் பெண்ணும் சலிக்காமல் எல்லாம் விசாரித்தாள்: இதயம், ரத்த அழுத்தம், காலையில் எழுந்து எத்தனை நிமிடத்தில் முதல் இழுப்பு. தோலில் ஒட்டுவது நோன்பை முறிக்காது என்று எங்கள் பள்ளிவாசல் இமாமிடம் போனில் நான் கேட்டுச் சொன்னேன். எல்லாம் முடிந்தபோது கம்ப்யூட்டர் டாக்டரின் பெயரைக் கேட்டது. அவருக்கு அமெரிக்காவில் டாக்டர் கிடையாது. கட்டத்தைக் காலியாக விட்டால் திரை நகரவில்லை. அவள் யாருக்கோ போன் செய்தாள். பின்னால் வரிசை நீண்டது.

நம் வீடுகளில், டாக்டர் யார் என்று எந்தப் படிவம் கேட்டாலும், குடும்பத்தில் படித்த டாக்டரின் பெயரை எழுதுவது வழக்கம். கல்யாணப் பத்திரிகையில் பெரியத்தா பெயரைப் போடுவது மாதிரி, அனுமதி கேட்பதில்லை. விதியின் இரண்டாம் பாதியை அந்தப் பெண்ணுக்கு நான் எடுத்துச் சொல்லியிருக்க வேண்டும். அதை விட்டுவிட்டு, டெக்சாஸில் சுகர் லேண்டில் டாக்டராக இருக்கும் என் மகளின் பெயரைச் சொன்னேன். திரை நகர்ந்தது.

மறுநாள் என் மகள் கூப்பிட்டாள். "அத்தா, மாமா பேர்ல என் கிளினிக்குக்கு ஒரு ஃபேக்ஸ் வந்திருக்கு. நான் எப்போலேர்ந்து அவரோட டாக்டர்?"

"ஒரு கட்டம் காலியா இருந்துச்சும்மா."

"நீங்களா அத்தா இப்படிப் பேசுறீங்க?"

"சரி, கிழிச்சுப் போட்ரு."

"கிழிக்கிறதா? நான் மாமா மககிட்டப் பேசிட்டேன். மாமாவுக்கு பி.பி. மாத்திரை என்னன்னு கேக்கத்தான் போன் பண்ணேன். வேப் விஷயம் அவளுக்குத் தெரியும்னு நெனச்சேன்."

நோயாளியின் ரகசியம் பற்றிய சட்டத்தை நான் மனப்பாடமாகச் சொல்வேன். டாக்டராக அவள் வாயைத் திறந்திருக்கமாட்டாள். அவள் பேசியது மாமாவின் மருமகளாக.

கால் மணி நேரத்தில் சான் ஹோசேயிலிருந்து போன். "மாமா, ஃபோனை அத்தாகிட்ட குடுங்க." ஸ்பீக்கரில்தான் போட்டேன்.

"எவ்ளோ வருஷமா அத்தா? கல்யாணத்தன்னிக்கு எல்லார் முன்னாலயும் ப்ராமிஸ் பண்ணீங்க."

"சிகரெட்ட விட்டுட்டேன்லம்மா..."

"ப்ளீஸ், டோன்ட். ஷோல்டர் பெயின்னு சொன்னீங்களே, அதுவும் பொய்யா? நான் சொல்ற வரைக்கும் இங்க வராதீங்க."

"பொய்தான். வேப் பிடிக்கிறதாலதான்மா தூக்கல" என்றார். அதற்குள் லைன் போய்விட்டது.

நோன்பு தொடங்கியது. காலையில் கைமேல் ஒரு பட்டை. மாலையில் நோன்பு திறந்ததும் மகளுக்கு ஒரு செய்தி: "இன்னிக்கும் இல்ல." அவள் படித்துவிட்டாள் என்று போன் காட்டும். பதில் வராது. நான் மருந்துக்கடையின் தலைமை அலுவலகத்துக்கு, விதியின் உட்பிரிவு வரை குறிப்பிட்டு, அந்தக் கட்டத்தைக் காலியாக விட வழி செய்யுங்கள் என்று எழுதினேன். உங்கள் கருத்து எங்களுக்கு முக்கியம் என்று இயந்திரம் சொன்னது.

ஒருநாள் மனைவி கொடுத்த நோன்புக் கஞ்சியைக் கொண்டுபோனேன். மைத்துனர் மகள் வாசலிலேயே பாத்திரத்தை வாங்கிக்கொண்டாள். தப்பு என்னுடையது, உன் அத்தா என்னிடம் அந்தப் பெயரைக் கொடுக்கச் சொல்லவில்லை என்றேன்.

"நீங்க அதை எழுதலன்னா எனக்குத் தெரிஞ்சே இருக்காது மாமா. உங்களுக்கு தேங்க்ஸ் சொல்லணுமா, திட்டணுமான்னே தெரியல." கதவைச் சாத்தப் போனவள் நின்றாள். "அத்தா ஒழுங்கா சாப்பிடுறாரா?"

"சாப்பிடுறாரு. எங்கமேல எரிஞ்சு விழறாரு. பட்டை வேலை செய்யுதுன்னு அர்த்தம்."

அவள் சிரிக்கவில்லை.

பாதி நோன்பு தாண்டியபின் ஒருநாள் மாலை, பால் வாங்கப் போனவர் நேரம் கழித்து வந்தார். முகம் வெளிறியிருந்தது. பேரீச்சம்பழத் தட்டை அவர் பக்கம் நகர்த்தி வைத்தேன். நோன்பு திறந்ததும் போனை எடுத்து, ஒரு விரலால் வெகுநேரம் தட்டினார். பிறகு என்னிடம் நீட்டினார். "ஸ்பெல்லிங் சரியான்னு பாருங்க மச்சான்."

"இன்னிக்கு கேஸ் ஸ்டேஷன் உள்ள போயிட்டேன். கண்ணாடிக்குப் பின்னால வரிசையா வெச்சிருக்கான். காசைக்கூட எடுத்துட்டேன். வாங்கல. நாளைக்கும் போவேனான்னு தெரியல. பயமா இருக்கு."

"இதையா அனுப்பப் போறீங்க?" என்றேன்.

"பொய் சொல்லித்தானே இவ்வளவும்."

நான் எதையும் திருத்தவில்லை. அனுப்பினார். தொழுதுவிட்டு வந்து பார்த்தபோது பதில் வந்திருந்தது: "நாளைக்கு அவனக் குளிப்பாட்டணும் அத்தா. எனக்கு இன்னொரு கை வேணும். நாலு மணிக்கு வந்துடுங்க." அன்று பத்தொன்பதாம் நோன்பு.