ஒற்றைப் பீப்பாயும் மாமாவின் நாக்கும்

என் அக்காவின் கணவருக்குத் தண்ணீர் குடிப்பதற்குத்தான் சம்பளம். நகரக் குடிநீர்ப் பரிசோதனைக் கூடத்தில் இருபத்திரண்டு வருடமாகச் சுவை பார்ப்பவர். காலை ஒன்பது மணிக்கு வெள்ளைக் கோட்டை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தால் எதிரே வரிசையாகத் தம்ளர்கள். ஒரு மிடறு, ஒரு கொப்புளிப்பு, ஒரு துப்பல், ஒரு குறிப்பு. குளோரின் கூடுதல், பாசி வாடை, துருப்பிடித்த குழாய். அதற்கெல்லாம் இயந்திரம் இருக்கிறதே என்று அவரிடம் கேட்டுவிடாதீர்கள். நான் கேட்டேன். "மெஷின் தண்ணியில என்ன இருக்குன்னு சொல்லும் மாப்ள, வாயில வைக்க முடியுமான்னு சொல்லாது" என்று ஆரம்பித்தவர், ஒன்றரை மணி நேரம் என்னை விடவில்லை.

இப்படிப்பட்டவரை வீட்டுக்குக் கூப்பிடுவது வம்பை விலை கொடுத்து வாங்குவது. உள்ளே நுழைந்ததும் ஒரு தம்ளர் தண்ணீர் கேட்பார். குடித்துவிட்டுக் கூரையைப் பார்ப்பார். "மேல தொட்டி கழுவி எட்டு மாசம் இருக்குமா?" என் சித்தி புது வீட்டுக்குக் குடிபோன அன்று, இருபது பேர் நடுவில், "பல்லி விழுந்திருக்கு, எதுக்கும் பாத்துடுங்க" என்றார். பார்த்தார்கள். விழுந்திருந்தது. அதற்கப்புறம் சித்தி அவரிடம் முகம் கொடுத்துப் பேசியதில்லை.

நாலு மாதத்துக்கு முன்னால் அவருக்கு ஒரு காய்ச்சல் வந்தது. வந்தது போய்விட்டது, போகும்போது நாக்கையும் எடுத்துக்கொண்டு போய்விட்டது. ஆபீசில் ஒரு தேர்வு வைத்தார்கள். மூன்று தம்ளர், இரண்டில் ஒரே தண்ணீர், ஒன்றில் வேறு. வேறு எது என்று சொல்ல வேண்டும். இரண்டு தடவை தப்பாகச் சொன்னார். வருகிற திங்கட்கிழமை கடைசித் தடவை. அதிலும் கோட்டை விட்டால், ஊரார் எழுதும் புகார்களுக்குப் பதில் எழுதும் பிரிவுக்குத் தள்ளிவிடுவார்கள்.

அக்கா போனில் அழுதாள். "நேத்து சித்தி வீட்டுக்குப் போனோம்டா. தண்ணி குடுத்தாங்க. குடிச்சிட்டு, நல்லா இருக்குன்னு சொல்லிட்டாருடா! சித்தியே பயந்துட்டாங்க."

நான் வெளிநாட்டு மதுக்கடையில் விற்பனையாளன். எங்கள் கடையின் பின்னறையில் அந்தச் சனிக்கிழமை மாலை நாலு மணிக்கு, ஒற்றைப் பீப்பாய் ஸ்காட்ச் விஸ்கி ஒன்றைப் பத்து வாடிக்கையாளர்கள் சுவைத்துப் பார்க்கும் கூட்டம். காரசாரமான சரக்கு, செத்த நாக்கையும் எழுப்பிவிடும் என்று எனக்குத் தோன்றியது. மாமாவை அங்கே கூட்டிப் போகட்டுமா என்று, பாட்டிலை வாசற்படி ஏறவிடாத அக்காவிடம் தயங்கித் தயங்கிக் கேட்டேன். "விஷமா இருந்தாலும் குடுடா. ருசி தெரிஞ்சா போதும்" என்றாள்.

இங்கே என் யோக்கியதையையும் சொல்லிவிட வேண்டும். இந்த விஸ்கியில் சில சொட்டுத் தண்ணீர் விட்டால்தான் வாசனை திறக்கும். அந்தத் தண்ணீரும் ஸ்காட்லாந்து மலை ஊற்றிலிருந்து பாட்டிலில் வரவழைத்தது என்பது எங்கள் முதலாளியின் பெருமை. அதை ஆர்டர் செய்வது என் வேலை. மறந்துவிட்டேன். காலையில் அலமாரியைத் திறந்தால் காலி. கடைக்குப் பின்னால் இருக்கும் குழாயில் கண்ணாடிக் கூஜாவை நிரப்பிக் கொண்டுவந்து வைத்தேன். எனக்கு முன்னால் இருந்தவர் ஒரு லேபிளைக் கிழித்ததற்கே வேலை இழந்தவர். இருந்தாலும், யாருக்குத் தெரியப்போகிறது?

முதலாளி பேசினார். "வழக்கமா பல பீப்பாயைக் கலந்துதான் ஒரே ருசிக்குக் கொண்டுவருவாங்க. இது அப்படியில்ல. ஒரே பீப்பாய். பதினெட்டு வருஷம் அதுக்குள்ளயே கிடந்தது. மொத்தமே இருநூத்தியாறு பாட்டில். தீந்துபோனா இந்த ருசி உலகத்துல எங்கயும் கிடையாது."

எல்லோரும் கிண்ணத்துக்குள் மூக்கை விட்டார்கள். வறுத்த பாதாம் என்றார் பல் டாக்டர். பழைய சட்டப் புத்தகத்தின் தோல் அட்டை என்றார் வக்கீல். பல் டாக்டருக்கு ரோஷம் வந்து, "பச்சை ஆப்பிள்கூட வருது. தோல் சீவின ஆப்பிள்" என்றார்.

"உங்களுக்கு என்ன சார் தெரியுது?" என்று முதலாளி மாமாவைக் கேட்டார்.

"எரியுது."

அவ்வளவுதானா?

அடுத்தது தண்ணீர். எல்லோரும் சொட்டுக் குழாயால் மூன்று சொட்டு விட்டார்கள். "அடடா, ஊற்றுத் தண்ணி பட்டதும் மலையே எழுந்து வருது!" என்று வக்கீல் கண்ணை மூடினார். எரிச்சல் தாங்காத மாமா கூஜாவையே எடுத்துச் சாய்த்தார். முதலாளியின் முகம் சுருங்கியது. ஒரு வாய் குடித்த மாமா அப்படியே நின்றார். கிண்ணத்தைத் தள்ளி வைத்தார். வேறொரு தம்ளரில் வெறும் தண்ணீரை ஊற்றி, வாயில் வைத்து உருட்டினார்.

"இந்தத் தண்ணி எங்கேர்ந்து வந்தது?"

"மலை ஊற்று சார். விஸ்கி வடிச்ச இடத்துக்குப் பக்கத்துலயே" என்றார் முதலாளி.

"இல்லையே. இது நம்ம ஊரு மூணாம் நம்பர் தொட்டித் தண்ணி. குழாய்ல ரப்பர் வாஷர் மாத்தி ரெண்டு நாள்கூட ஆகியிருக்காது."

அறை கொல்லென்று சிரித்தது. "சாருக்கு அதுக்குள்ள ஏறிடுச்சு" என்றார் பல் டாக்டர். முதலாளியும் பெருந்தன்மையாகச் சிரித்தார். மாமா மறுபடி ஒரு மிடறு குடித்தார். சுற்றியிருந்த முகங்களைப் பார்த்தார். பிறகு, அவர் வாயிலிருந்து நான் கேட்டே இராத ஒன்றைச் சொன்னார்.

"தப்பா இருக்கலாம். கொஞ்ச நாளா எனக்கு நாக்கு சரியில்ல."

தம்ளரை மெதுவாக வைத்துவிட்டு உட்கார்ந்துகொண்டார். அந்த நாக்கு உயிரோடு இருக்கிறது என்று அந்த அறையில் தெரிந்த ஒரே ஆள் நான். நான் ஒன்றும் தியாகி இல்லை. பிறகு தனியாகக் கூப்பிட்டுச் சொல்லிக்கொள்ளலாமா என்றுதான் முதலில் யோசித்தேன். ஆறுதலுக்குச் சொல்கிறான் என்று நினைப்பார். திங்கட்கிழமை அந்த மூன்று தம்ளருக்கு முன்னால் தன்னையே நம்பாமல் உட்காருவார். அவர் தலை குனிந்திருந்ததை என்னால் பார்க்க முடியவில்லை.

"மாமா சொல்றது சரிதான் சார்" என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. இன்னொரு தடவை சொன்னேன். "நான்தான் பின்னாடி குழாய்ல பிடிச்சேன். வாஷர் நேத்துதான் மாத்தினாங்க."

மலையைக் கண்ட வக்கீல் கண்ணைத் திறந்தார். முதலாளி என் அருகில் வந்து, மற்றவர்களுக்குக் கேட்காத குரலில், "நாளையிலேர்ந்து வராதே" என்றார்.

நான் மாமாவைப் பார்த்தேன். கட்டிப்பிடித்துக்கொள்வார், குறைந்தது கண்ணாவது கலங்கும் என்று நினைத்தேன். மனிதர் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார்.

"வாஷர் மாத்தினா ரெண்டு நிமிஷம் திறந்து விட்டுட்டுதான்டா பிடிக்கணும்! அறிவிருக்கா உனக்கு? பத்துப் பேர் குடிக்கிற தண்ணிடா!"

கடைக்குள் திட்டினார். வாசலில் திட்டினார். பஸ் நிறுத்தம் வரைக்கும் திட்டிக்கொண்டே வந்தார். வேலை போன துக்கத்தை உட்கார்ந்து அனுபவிக்கக்கூட எனக்கு இடம் கொடுக்கவில்லை. நாலு மாதத்தில் அவர் குரல் இவ்வளவு ஓங்கி நான் கேட்டதில்லை.

"திங்கக்கிழமை எத்தனை மணிக்கு மாமா?" என்றேன்.

"பத்து மணிக்கு. நீ பேச்சை மாத்தாதே. அந்தக் குழாய் பித்தளையா, இரும்பா?"