கரியனுக்குத் தைத்த பூட்ஸ்

என் அக்கா புருஷனுக்குச் செருப்பு தைக்கிற வேலை. யாருக்குக் கால் வலித்தாலும் செருப்பு சரியில்லை என்பார். எனக்கு முதுகு வலித்தாலும் முதலில் செருப்பைத்தான் கழற்றச் சொல்வார். மற்றபடி சாது. கால் விஷயத்தில் மட்டும் அவரை அசைக்க முடியாது.

வீட்டில் கரியன் என்று ஒரு பெரிய கறுப்பு நாய். அத்தானுக்கு அதன்மேல் உயிர். ஒரு சமயம் அது முன்னங்கால் விரல் ஒன்றை ஓயாமல் நக்க ஆரம்பித்தது. பிறகு லேசாக நொண்டியது. நகத்தைச் சுற்றி வீங்கியிருக்கிறது, டாக்டரிடம் காட்டலாம் என்று அக்கா சொல்லிப் பார்த்தாள். அத்தான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. கல் குத்தியிருக்கும் என்று சொல்லி, மெத்தென்ற தோலில் குட்டி பூட்ஸ் ஒன்று தைத்து மாட்டிவிட்டார். நக்குவது நின்றது, நொண்டலும் குறைந்தது. தெருவே மெச்சியது. தங்கள் நாய்க்கும் வேண்டும் என்று நாலைந்து பேர் வந்து தைத்து வாங்கிப் போனார்கள். அத்தானுக்குத் தலைகால் புரியவில்லை.

ஒருநாள் பூட்ஸைக் கழற்றியபோது நகமும் கூடவே வந்துவிட்டது. அந்த இடத்தில் ஒரு சதைக்கட்டி இருந்தது. விரலில் புற்றுநோய் என்றார் டாக்டர். பெரிய கறுப்பு நாய்களுக்கு இது வருவதுண்டாம். வீக்கம் கண்டபோதே வந்திருந்தால் விரலை எடுத்துக் காப்பாற்றியிருக்கலாமாம். இப்போது நுரையீரல்வரை போய்விட்டது என்றார். கரியன் அதிக நாள் இருக்கவில்லை.

அதற்குப் பிறகு அத்தானுக்கு நக்குகிற சத்தம் கேட்க ஆரம்பித்தது. பட்டப்பகலில், கையில் ஊசியோடு, அப்படியே காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். எனக்கு எரிச்சலாக வந்தது. ஒருநாள் எனக்கும் கேட்ட மாதிரி இருந்தது. நிஜமாகவே பயந்துபோனேன்.

பிறகுதான் அவருக்கு மற்ற பூட்ஸ்களின் நினைப்பு வந்தது. போட்டது போட்டபடி எழுந்து வீடுவீடாகப் போனார். நானும் கூடப் போனேன். முதல் சில நாய்களுக்கு ஒன்றுமில்லை. பஸ் டிரைவர் வீட்டு நாயின் விரல்களை விரித்துப் பார்த்தவர் கையை எடுக்கவில்லை. நகத்தடியில் வீக்கம், கொஞ்சம் ரத்தம்.

"மருந்து போட்டுட்டுதான் இருக்கோம், ஆற மாட்டேங்குது" என்றாள் டிரைவரின் மனைவி.

"ஆறாதும்மா. டாக்டர்கிட்ட நானே தூக்கிட்டுப் போறேன், குடுங்க."

அதே நோய்தான். ஆனால் பரவியிருக்கவில்லை. விரலை எடுத்தார்கள், நாய் பிழைத்துக்கொண்டது.

இப்போது அது கடைக்கு ஓடிவந்து அவர் மடியில் தலை வைக்கிறது. அத்தான் தடவிக்கொடுப்பார், அதன் காலை மட்டும் பார்க்க மாட்டார். நேற்று அது போன பிறகு என்னிடம் சொன்னார்:

"நம்ம கரியனுக்கும் ஒரு விரல்தாம்மா போயிருக்கும்."